குழாய் எந்தத் தெருவுக்கு முதலில்

பினாங்கு
1927 ஜூலை

என் அருமை மகள் ரோஹானாவுக்கு வாப்பா துஆவுடன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் உம்மாவும் நலமாகவே இருக்கிறோம், ரங்கூனில் நீயும் மாப்பிள்ளையும் சுகமென்று உன் கடிதத்தில் கண்டு மனம் குளிர்ந்தது. தலைப்பிரசவத்துக்கு இங்கே வருகிறாய் என்றதிலிருந்து உம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை, மாடி அறைக்குச் சுண்ணாம்புகூட அடித்தாயிற்று. ஆனால் என்னோடு மட்டும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. காரணத்தைச் சொல்கிறேன், நீயாவது எனக்கு விளங்க வை.

நம் சந்துக் கிணறு இந்த வருஷம் உப்புக் கரிக்கிறது, மழை பெய்தால் நாற்றமும் அடிக்கிறது. குழாய்த் தண்ணீர் பெரிய தெருவோடு நின்றுவிட்டது. இது விஷயமாக முனிசிபாலிட்டியில் வீட்டு வரி கட்டுகிறவர்களைக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். புள்ள வர்றதுக்குள்ள குழாயை வாங்கிட்டு வாங்க, வெறுங்கையோட வந்துடாதீங்க என்று சொல்லித்தான் உம்மா அனுப்பினாள். பக்கத்துக் கடை முகம்மது கனி அண்ணனும் கூட வந்தார். அங்கே எஞ்சினியர் துரை ஊர்ப்படத்தை மாட்டிக் கோடு கோடாகக் காட்ட, ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி தமிழில் சொன்னார். மலையடியில் நீர்த்தேக்கம், ஊரெல்லாம் குழாய், கால்வாய், எல்லாவற்றுக்கும் பெரிய கடன், அதை முப்பது வருஷம் நம் வரியிலிருந்து வட்டியோடு அடைப்பார்களாம். வட்டி நமக்கு விலக்காயிற்றே, அந்தப் பணத்தில் வரும் தண்ணீரில் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யலாமா, யாரைக் கேட்பது? கடன் அடையும்வரை நான் இருக்கமாட்டேன், என் பேரப்பிள்ளைதான் வரி கட்டும், அதன் சம்மதத்தை யார் கேட்டார்கள் என்றேன். தண்ணி குடிக்கப் போறதும் அதுதானே என்றார் கிராணி. அதுவும் சரியாகத்தான் படுகிறது.

பிறகு துரை, கடனில் இப்போது கைக்கு வந்த பணத்தில் ஒன்றுதான் முடியும், உங்கள் சந்துக்குக் குழாயா, கடலோரக் குடிசைகளுக்குக் குழாயும் கால்வாயுமா, கை தூக்குங்கள் என்றார். கடலோரத்துக்காரர்கள் வாடகைக்கு இருப்பவர்கள், வரி கட்டாதவர்கள், கை தூக்க உரிமையில்லை. தொங்காங் என்கிற சரக்குப் படகில் மூட்டை தூக்கும் நாகூர் மீரான் வாசலிலேயே நின்றார். நாங்க ஒரு வார்த்தை பேசலாமா என்று கேட்டார். ஒங்களுக்கு ஓட்டு இல்லலா என்றார் கிராணி. அவர் சண்டை போடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம், மூத்தவளை வாந்திபேதியில பறிகுடுத்துட்டேன் அண்ணே, இன்னும் ஒண்ணு இருக்கு என்று மட்டும் சொன்னார்.

நம் சந்துக்கு யார் என்றபோது என் கை எழவில்லை அம்மா. கடலோரத்துக்கு யார் என்றபோது எழுந்துவிட்டது. என்னைப் பார்த்து இன்னும் சிலர் தூக்க, அவர்களுக்கே முதலில் என்று முடிவாயிற்று. நமக்கு அடுத்த தவணைக் கடன் வரும்போதாம், அது எப்போது என்று துரைக்கே தெரியாது. சொந்த சந்துக்கே குழி தோண்டிட்டியே தம்பி என்று கனி அண்ணன் வழியெல்லாம் திட்டினார். உம்மா அதற்கும் மேல். எவ பெத்ததுக்கோ தூக்குன கை, நாம பெத்ததுக்குத் தூக்கலையே என்றாள். தொழுதுவிட்டு எழுந்தால் செய்தது சரியென்று தோன்றுகிறது, கிணற்றில் வாளியை விட்டால் தப்பென்று தோன்றுகிறது.

நேற்று உம்மா மீரான் வீட்டை விசாரித்துக்கொண்டு, ஒரு சட்டி கஞ்சியோடு கடலோரம் போனாள். திரும்பி வந்து சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். அப்புறம், அந்தப் புள்ள குடிக்கிற தண்ணியைப் பார்த்தேன் என்றாள், அவ்வளவுதான். நான் செய்தது சரியென்று சொல்லவில்லை. இன்று காலையில் பாசாருக்குப் போய்ப் பெரிய செம்புப் பானையும் ஒரு வண்டி விறகும் வாங்கி வந்து, நீ வந்தால் காய்ச்சிய தண்ணீர்தான் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அது சமாதானமா இன்னும் கோபமா, எனக்குப் பிடிபடவில்லை.

கப்பல் பெயரை மறக்காமல் எழுது. மாப்பிள்ளைக்கு எங்கள் சலாம், உன்னை மேல்தட்டில் வெயிலிலும் மழையிலும் படுக்க வைத்துக் கூட்டி வரவேண்டாம் என்று சொல். அல்லாஹ் உன்னையும் உன் வயிற்றுக் குழந்தையையும் தன் காவலில் வைப்பானாக.

உன் வரவை எதிர்பார்க்கும் வாப்பா
ஷேக் அலாவுதீன்