உப்புக்கு ஒரு கை நெல்

என் உப்புக்கார அத்தைக்கு,

உங்கள் உப்புச் சாடி இன்றைக்கும் வேர்த்திருக்கிறது. மழை இல்லை, கொண்டல் காற்றும் இல்லை. மகாராஜபுரமே வெயிலில் காய்கிறது. கடல் பக்கமிருந்து கொண்டல் வந்தால் உப்பு வேர்க்கும், பொறவு மழை வரும் என்பீர்கள். இப்போது எதற்கு வேர்க்கிறது அத்தை? துடைத்து வைக்கிறேன். செத்த நேரம் கழித்துப் பார்த்தால் மறுபடி ஈரம்.

கடைசி வாரத்தில் என் கையைப் பிடித்து நீங்கள் ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள். "என் சாம்பல எங்கூருக் கடல்ல கொண்டுபோய் விட்ரு தாயி. இந்த மலைக்குள்ள என்னால கெடக்க முடியாது." சரி என்றேன்.

வைப்பாறு கடலில் விழுகிற இடத்தில் உங்கள் ஊர். உப்பளம், உடைமரம், காலில் குத்தும் சங்கு ஓடு என்று ஓயாமல் சொல்வீர்கள். வாழ்க்கைப்பட்டு வந்து எம்புட்டு வருசம் ஆகியும் வாசலில் நின்று காற்றுக்குப் பேர் சொல்வதை விடவில்லை. "இது கச்சான். ஒங்க மலையில கெளம்புத காத்துதாண்டி எங்க வள்ளத்தக் கடலுக்குள்ள தள்ளும்."

அந்தக் காலத்தில் உங்கள் ஊர் உப்பு வண்டி மாடு பூட்டி நம் பக்கத்து வத்திராயிருப்பு வரைக்கும் வருமாமே. உப்பைக் கொடுத்து நெல் வாங்கிப் போவார்களாமே. "அப்பிடி வந்த பழக்கத்துலதான் நான் ஒங்க வீட்ல வந்து மாட்டுனேன்" என்று சிரிப்பீர்கள். ஓடையைக் கண்டால் அதற்கும் ஒரு பேச்சு. "இந்தத் தண்ணி அம்புட்டும் எங்க கடலுக்குத்தான் வருது. ஒங்க மலையக் கழுவுன தண்ணியத்தான் நாங்க உப்பாக்குதோம்."

அந்தப் பேச்சை நம்பித்தான் அத்தை தப்புச் செய்தேன்.

போன வருசம் நீங்கள் போனது நடவு நேரம். உங்கள் மகனுக்கு ராஜபாளையத்து மில்லில் இரண்டு நாள்தான் லீவு கொடுத்தார்கள். நான்தான் சொன்னேன். "மூணு பஸ் மாறிப் போகணும். நாத்து முத்திப் போச்சு. ஓடையில கரைச்சா தண்ணி கொண்டுபோய்ச் சேத்துரும். அத்தையே சொல்லியிருக்காகள்ல." அவரும் தலையாட்டினார். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் சாம்பல் கலயத்தைக் கவிழ்த்தார். நான் கரையில் நின்று, இந்நேரம் ஆற்றுக்குப் போயிருப்பீர்கள், நாளைக்குக் கடலுக்குப் போய்விடுவீர்கள் என்று மனசுக்குள் பஸ் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் கண்மாய்க் கரையில் சுடலையைப் பார்த்தேன். நம் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற அதே சுடலைதான். பேச்சுவாக்கில் கேட்டேன். "அத்தை கடலுக்குப் போய்ச் சேந்திருப்பாகளா சுடலை?"

"கடலுக்கா? ஏக்கா, கண்மாய் நெறஞ்சு மறுகால் போனாத்தான தண்ணி ஆத்துக்கே போகும்? அது போயி மூணு வருசமாச்சு. அன்னைக்கு ஓடையில வந்த தண்ணி இங்கதான் நின்னுச்சு. மொத மடைய ஒன் வயலுக்குத்தான் தொறந்து விட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தான். "ஆச்சி வேற எங்கயும் போகல. மருமக ஒழுங்கா நடுதாளான்னு பாக்க வந்துருக்கு."

என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

எனக்கு அந்த நடவு ஞாபகம் வந்தது. குனிந்து நாற்றை ஊன்றும்போதெல்லாம் பின்னால் ஆள் நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பினால் வெறும் தண்ணீர். "கோணலா நடுத பாரு" என்று காதுக்குள் கேட்டது. ஒரு நாற்று நட்டறியாத நீங்கள், உப்புப் பாத்தி கட்டின கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, உயிரோடு இருக்கும்போதும் வரப்பில் நின்று அதைத்தானே சொல்வீர்கள்? துக்கத்தில் கேட்கிறது என்று நினைத்து நட்டுக்கொண்டே போனேன். உங்கள் மேல்தான் நடந்துகொண்டிருந்தேனா அத்தை?

அந்த வருசத்து நெல்லைத்தான் வீட்டுக்கு வைத்துக்கொண்டோம். சோறு உப்புக் கரித்தது. என் கைப்பதம் தவறிவிட்டது என்று மறுநாள் உப்பே போடாமல் வடித்தேன். அப்போதும் கரித்தது. உங்கள் மகன் ஒன்றும் தெரியாமல், "அம்மா பொங்குன மாதிரியே இருக்கு" என்று இன்னொரு கை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சுடலை சொன்னதை அவரிடம் சொன்னேன். விதைக்கென்று எடுத்து வைத்த பானையைக் கவிழ்த்துப் பார்த்தேன். அந்த வருசத்து நெல் அடியில் ஒரு கை கிடந்தது. "இதக் கடல்ல கொண்டுபோய் விட்டுட்டு வாரேன்" என்றேன்.

"நெல்லையா? ஊரு சிரிக்கும்ட்டி."

"சிரிக்கட்டும். சாம்பல் கலயந்தான் காலியாச்சே. அத்தையக் கொண்டுபோக வேற என்ன இருக்கு?"

மறுநாள் மில்லிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "வெள்ளிக்கிழம லீவு சொல்லிட்டேன்" என்றார். அம்புட்டுதான்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அங்கிருந்து சாத்தூர், அப்புறம் உங்கள் ஊர். நெல்லைச் சேலை முந்தியில் முடிந்து கொண்டுவருகிறேன். முழங்கால் தண்ணீரில் நின்று அதைக் கடலில் விடுவேன். அது நீங்கள்தானா, வெறும் நெல்தானா என்று எனக்குத் தெரியாது. உங்கள் கடலுக்குத் தெரியும்தானே?

திரும்பும்போது உங்கள் ஊர் உப்பளத்தில் ஒரு கை உப்பு கேட்டு வாங்கி வருவேன். நெல்லைக் கொடுத்து உப்பை வாங்குவதுதானே நம் இரண்டு ஊருக்கும் வழக்கம். சாடியைக் கழுவிக் காயவைத்து அந்த உப்பைப் போடுவேன். அதற்குப் பிறகும் அது வேர்த்தால், மழை வரப்போகிறது என்று கொடியில் கிடக்கும் துணியை எடுக்கப் போவேன். உங்களைத் தேடமாட்டேன். இது சத்தியம் அத்தை.

இப்படிக்கு,
கோணலாக நடுகிற உங்கள் மருமகள்
பேச்சியம்மாள்