நான் தூக்கிக்கொண்டு ஓடவில்லை

அன்புள்ள பெரியவளுக்கு,

நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். அப்பா பல் செட் கட்டிக்கொண்டார், சிரித்தால் வீட்டுக்கு யாரோ வந்த மாதிரி இருக்கிறது. நான் நாலு நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருப்பதைப் பார்த்து, "என்ன டீச்சரம்மா, லீவு லெட்டரா?" என்று கேலி வேறு.

மாப்பிள்ளை போனில் சொன்னார், நீ மூன்று வருஷமாக ஒரு வரிகூட எழுதவில்லையாம், எழுதும் மேஜையில் துணி தேய்க்கிறாயாம். கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. காரணம் நான்தான். உன் தங்கை செத்துப்போனதை நீ கதையாக்கி, அது பத்திரிகையில் வந்தபோது, "வீட்டு விஷயத்தை ஊருக்கு எதுக்குடி சொல்ற" என்று கத்தினேன். நீ எழுதியதில் எனக்குக் கோபமில்லை அம்மா. உன் கதையில், வயிற்றுவலியில் துடிக்கும் பிள்ளையைத் தாய் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறாள். நான் ஓடவில்லை. எல்லோரிடமும் நான் அப்படிச் சொல்லி வைத்தேன், நீயும் நம்பினாய்.

ஏழு வயதில் அவள் என் வகுப்பில்தானே இருந்தாள். சொந்தப் பிள்ளைக்குச் சலுகை என்று யாரும் பேசிவிடக் கூடாதென்று, மற்ற பிள்ளைகளிடம் காட்டும் பொறுமையைக்கூட அவளிடம் காட்டமாட்டேன். அன்றைக்கு இரண்டு தடவை, "டீச்சர், வயிறு வலிக்குது" என்றாள். கணக்குப் பரீட்சை நாளில் எத்தனை வயிற்றுவலி பார்த்தவள் நான், "உக்காரு" என்றேன். மூன்றாவது தடவை "அம்மா" என்று கூப்பிட்டாள். "இங்க நான் டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மணி அடித்த பிறகுதான் அவளைத் தூக்கினேன். குடல்வால் வெடித்துவிட்டது, கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருக்கலாமே என்றார் டாக்டர்.

'என் அம்மா' என்று கட்டுரை எழுதச் சொன்னால் வகுப்பில் நாற்பது பேரும் ஒரே அம்மாவைத்தான் எழுதுவார்கள், அன்பானவள், பொறுமையானவள். ஒரு வருஷம் ஒருத்தி மட்டும், எங்கம்மா தட்டை வைக்க மாட்டாங்க, தள்ளுவாங்க என்று எழுதினாள். அந்த ஒரு நோட்டுதான் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. உனக்கும் அந்தக் கண் இருக்கிறது, என் வாய்க்குப் பயந்து அதை மூடிக்கொள்ளாதே. வேலை, குழந்தை, வீடு எல்லாம் இருக்கத்தான் செய்யும், தினம் அரைமணி நேரம் கதவைச் சாத்திக்கொள், குழந்தை அழுதால் மாப்பிள்ளை தூக்கட்டும், அவரிடம் பேசிவிட்டேன்.

இதை எழுது. என்னை நல்லவளாக்காதே. எழுதியதை முதலில் எனக்கு அனுப்பாதே, திருத்திவிடுவேன். உன் கை என்றும் சோராமல், நீ நூறு வருஷம் நன்றாக இரு.

மறந்துவிடாதே, அச்சில் வந்ததும் அப்பா பெயருக்கு ஒரு பிரதி அனுப்பு. இத்தனை வருஷமாகியும் என் வாயால் அவரிடம் சொல்ல முடியவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா