உன் வண்டியில் இனி ஏறமாட்டேன், சங்கரா

என் செல்லத் தம்பி சங்கரா,

கோபப்படாமல் படி. நாளைக் காலை உன் பைக்கை எடுத்துப்போக ஒருவர் வருகிறார். கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தவள் நான்தான். அம்மாவுக்குத் தெரியும், கீழ் வீட்டு வங்காளிப் பெரியம்மா, நம் மாஷிமாவுக்குக்கூடத் தெரியும். உன்னிடம் மட்டும் சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று தோன்றியது.

நீ டெங்குவில் போய் இரண்டு வருடம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தெளிவாகப் பேசிய அன்று என்ன கேட்டாய், நினைவிருக்கிறதா? "ஒரு தடவையாவது என் வண்டிய ட்ராக்ல ஓட்டிரு, அக்கா." நம் இருவருக்கும் சேர்த்துச் சென்னைப் பக்கத்துப் பந்தய ட்ராக்கில் இடம் பிடித்து வைத்திருந்தாய். பந்தயம் இல்லை, பரிசு இல்லை. ஆசைக்கு ஓட்டுகிறவர்கள் இருபது இருபது நிமிடமாக இறங்கி ஓட்டும் நாள். நான் தலையாட்டினேன். வேறென்ன செய்திருப்பேன்?

நாற்பத்தாறு வயதில், கொல்கத்தா துறைமுக அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று அம்மா குதிப்பாள் என நினைத்தேன். குதிக்கவில்லை. "அவன் வண்டியில போறதுன்னா போயிட்டு வா. அவன் பாத்துக்கிடுவான். வேற வண்டின்னா வாசல் தாண்டாத," என்றாள். கூடவே ஒரு சட்டம்: வண்டியில் ஒரு திருகைக்கூடத் திருப்பக் கூடாது. நீ விட்டது விட்டபடி இருக்க வேண்டும். அம்மாவை மட்டும் குறை சொல்வானேன்? உன் கை கடைசியாக வைத்த இடத்தை மாற்ற எனக்கும் மனம் வரவில்லை.

நீ ஆறடி. நான் ஐந்தடி இரண்டு அங்குலம். உன் ஹேண்டில் தாழ்ந்து கிடக்கிறது, கால் வைக்கும் கட்டை பின்னால் உயரத்தில் இருக்கிறது. ஏறினால் ஒரு கால் நுனிதான் தரையில் படும். பிரேக் பிடியை விரலுக்குக் கிட்டே கொண்டுவரச் சின்னதாக ஒரு திருகு உண்டே, அது உன் நீள விரல்களுக்கு ஏற்ற தூரத்தில் நின்றது. சென்னைக்கு அனுப்ப வண்டியை லாரியில் ஏற்றும்போதே கிடர்பூர் மெக்கானிக் சம்பு தா, நம் சம்பு அண்ணன், "தீதி, ஏ காடி ஆப்னார் நொய்," என்றார். இது உங்கள் வண்டி இல்லை என்கிறார். மனுஷனுக்கு ஈரமே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ட்ராக்கில் முதல் இருபது நிமிடம் நன்றாகவே போயிற்று. இரண்டாவது இருபது நிமிடத்தின் பாதியில் வலது கைச் சுண்டுவிரல் மரத்தது, பிறகு மோதிரவிரல். உடம்பின் பாரம் முழுக்க மணிக்கட்டில். அப்போதே ட்ராக்கை விட்டு வந்திருக்க வேண்டும். 'சங்கரன் பார்த்துக்கொள்வான்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நேர்ப்பாதையில் முறுக்கினேன்.

திருப்பம் வந்தது. பிரேக்கைப் பிடித்தேன். பிடித்ததாக நினைத்தேன். எட்டியதே மற்ற இரண்டு விரல், அதற்குள் அவையும் மரத்திருந்தன. தார் முடிந்து புல் வந்தது, புல் முடிந்து சரளை வந்தது. வண்டி எனக்குக் கீழே நெளிந்தது. டயர் அடுக்கிய சுவருக்கு இரண்டு முழம் முன்னால் நின்றது. விழவில்லை. ஆபத்துக்குக் கொடி காட்டும் மஞ்சள் கொடிக்காரர் ஓடி வருவதற்குள் ஹெல்மெட்டுக்குள் உன்னைத் திட்டித் தீர்த்தேன். அந்த வார்த்தைகளை இங்கே எழுதினால் அம்மா காதைத் திருகுவாள். பார்த்துக்கொள்வதாக இருந்தவன் எங்கேடா போனாய்?

வீட்டுக்கு வந்து, "நல்லா இருந்துச்சும்மா," என்றேன். அம்மா மாஷிமாவிடம் போய், என் பிள்ளை அக்காவைப் பத்திரமாகக் கூட்டி வந்துவிட்டான் என்று தனக்குத் தெரிந்த வங்காளியில் சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த ட்ராக் நாளுக்கும் நான் பெயர் கொடுத்திருந்தேன். வாக்குத்தான் முடிந்ததே, ட்ராக்கை விட வேண்டியதுதானே என்பாய். முடியவில்லைடா, பிடித்துப்போயிற்று. உன் வண்டியில் போனால் மறுபடி அந்தச் சுவர். வேறு வண்டி என்றால் அம்மாவிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

திருகைத் திருப்பினால் போதாதா என்று சம்பு தாவிடம் கேட்டேன். பிரேக்கைக் கிட்டே கொண்டுவரலாம், உங்களை எப்படி நீட்டுவது என்று கேட்டார். வெட்கத்தை விட்டு, வேறு வண்டி பார்க்க அவரோடு கடை கடையாக ஏறினேன். இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் எல்லா வண்டியும் சோபா மாதிரிதான் இருக்கிறது. முழு உடுப்போடு, ட்ராக்கில் குனிகிற மாதிரியே குனிந்து இருபது நிமிடம் உட்காரச் சொன்னார். கொல்கத்தாப் புழுக்கத்தில் தோல் உடுப்பு! மெத்தை சீட்டும் கால் நீட்ட இடமுமாக ஒன்று எனக்குப் பிடித்தது. வளைவில் சாய்ந்தால் அதன் கால்கட்டை தரையில் உரசும், பள்ளமான சீட்டு உடம்பை நகரவிடாது என்று ஒதுக்கினார். கடைசியில் அமைந்தது சின்ன இன்ஜின் வண்டி. ஹேண்டில் கொஞ்சம் உயரம், நல்ல அகலம், டாங்க்கை முழங்காலால் இறுக்கிக்கொள்ள இடம். இறுக்கினால் கையில் பாரமே விழவில்லை. நீ பார்த்தால் பால்காரர் வண்டி என்பாய். சொல்லிக்கொள்.

நடந்ததையெல்லாம் அம்மாவிடம் லேக் மார்க்கெட்டில் வைத்துச் சொன்னேன். கூட்டத்தில் கத்தமாட்டாள் என்ற தைரியம். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"அப்போ எம்புள்ள வண்டியா ஒன்ன..."

"வண்டி மேல தப்பில்லம்மா. எனக்கு அது அளவில்ல. தெரிஞ்சும் அப்படியே ஓட்டுனேன்லா, அது என் தப்பு."

காயைப் போட்டுவிட்டு ஆட்டோவை நோக்கி நடந்தாள். இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. உன் படத்தோடும் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மூன்றாம் நாள், "எந்தக் கடை?" என்றாள்.

கடையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள், கையிலிருந்த போனில் நேரம் பார்த்தபடி. எனக்கு வியர்த்து ஊற்றியது. கடைக்காரர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள். இருபது நிமிடம் ஆனதும் எழுந்து வந்து தன் கையை நீட்டினாள்.

"பிரேக்குன்னு நெனச்சு எங் கைய நெரி."

நெரித்தேன்.

"இன்னும்."

நெரித்தேன். வளையல் அழுந்தி அவள் மணிக்கட்டு சிவந்தது. கண்ணில் நீர் வந்த பிறகும் விடச் சொல்லவில்லை. "அவன் பாத்துக்கிடுவான்னு ஒன்ன அனுப்புனவ நாந்தானட்டி," என்றாள். கடையில் எல்லாரும் பார்க்க நான் அழுதேன்.

சங்கரா, உனக்குக் கொடுத்த வாக்கு நிறைவேறியது. அடுத்த மாதம் போவது என் ஆசைக்கு. ஒரு விரல் மரத்தாலும் அந்தச் சுற்றிலேயே ட்ராக்கை விட்டு வந்துவிடுவேன். நடந்ததை நடந்தபடி அம்மாவிடம் சொல்வேன். இது சத்தியம். நீ இனி எங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டாம், கண்ணா. அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு நான் வீடு திரும்ப வேண்டும்.

திரும்பி வருவேன் என்று சொல்லும்,
உன் குட்டை அக்கா