ஒத்திகையில் இருக்கும் விளக்குகள்

அக்டோபர் 6, திங்கள்

எங்கள் நிறுவனத்தின் சின்னம் மாறிவிட்டது என்று தலைமையகத்திலிருந்து மின்னஞ்சல். பழையதில் பூமிப்பந்து, அதற்கு முன்னால் ஒரு தாயும் பிள்ளையும். புதியதில் பந்து மட்டும்தான். உலக மக்கள்தொகைக்கும் சுகாதாரத்துக்கும் உழைக்கிற நிறுவனம். தாயும் பிள்ளையும் எங்கே போனார்கள் என்று கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. செலவுப் பிரிவில் இருக்கிற எனக்கும் எதற்கு வம்பு?

புதுச் சின்னம் ஒட்டாமல் ஒரு பஞ்சுப் பொட்டலம்கூடக் கிடங்கை விட்டு நன்கொடையாகப் போகக் கூடாதாம். ஸ்டிக்கர் எப்போது வரும்? அச்சகத்தைத் தேர்ந்தெடுக்கக் குழு அமைத்திருக்கிறார்கள். அந்தக் குழுவை அமைக்கவும் ஒரு குழு இருந்திருக்கும்.

அக்டோபர் 12, ஞாயிறு

நாத்தனார் சாப்பிட வந்தாள். ஊருக்கு வெளியே பிரசவ நிலையத்தில் நர்ஸ். அங்கே மின்சாரம் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "செல்போன் வெளிச்சத்துல தையல் போட்டேன் அண்ணி. போனை வாயில கவ்விக்கிட்டு. அந்தப் பொண்ணுக்கு ரத்தம் நிக்கவே இல்ல. பிழைச்சிட்டா, ஆனா இனிமே என்னால முடியாது. வருஷக் கடைசியில வேலைய விட்டுடப் போறேன்."

அவள் போனால் அந்த நிலையத்தைப் பூட்ட வேண்டியதுதான். வேறு யாரும் அங்கே வரமாட்டார்கள்.

பிரசவக் கட்டிலுக்கு மேலே மாட்டுவதற்கென்றே வாங்கிய சூரிய விளக்குகள் எங்கள் கிடங்கில் அட்டைப்பெட்டிக்குள் சுகமாகத் தூங்குகின்றன. அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தட்டு பறந்திருக்கும். ச்சே, என்ன பொழப்பு இது!

அக்டோபர் 14, செவ்வாய்

இயக்குநரிடம் போய் நின்றேன்.

"சார், விளக்கைக் குடுத்துட்டு ஸ்டிக்கரை அப்புறம் ஒட்டிக்கலாமே?"

"விதின்னு ஒண்ணு இருக்கேம்மா."

அவர் பாடும் திண்டாட்டம்தான். டிசம்பருக்குள் விளக்குகளை ஒப்படைக்காவிட்டால் அது செலவாகாத பணம். நிதி தருகிற நாடு அடுத்த வருடம் அந்த அளவுக்கு நிதியில் கைவைத்துவிடும். ஒட்டாமல் கொடுத்தால் குற்றம், கொடுக்காமல் இருந்தால் தண்டனை.

புலம்பி முடித்ததும் விளக்குகளை ஒப்படைக்கும் விழாப் பேச்சுக்குத் தாவிவிட்டார். விழா என்றால் மனிதருக்கு உயிர். "போன தடவை ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோல் இல்லாம மானம் போச்சு. இந்தத் தடவை அந்த இடத்துக்கே போய் முழு ஒத்திகை பார்த்துடணும்."

முழு ஒத்திகை. அந்த இடத்துக்கே. காபியைக் கொட்டிக்கொண்டேன்.

அக்டோபர் 15

ஒத்திகைக்குக் கொண்டுபோகிற பொருள் நன்கொடை இல்லையே? அதற்கு எதற்குச் சின்னம்?

அக்டோபர் 29, புதன்

நாத்தனாரின் பிரசவ நிலையத்தில் ஒத்திகை அமர்க்களம். நன்கொடை நாட்டுத் தூதராக எங்கள் டிரைவர். கழுத்தில் டை, முகத்தில் அப்படியொரு மிதப்பு. விளக்குகளை வாங்கிக்கொள்ளும் நர்ஸாக என் நாத்தனார். அவள் நடிக்கவே தேவையில்லை.

"மாட்டிப் பார்த்தாத்தானே சார், போட்டோவுக்கு வெளிச்சம் பத்துமான்னு தெரியும்?" என்றேன். எலக்ட்ரீஷியன் கூரையில் துளை போட்டு இறுக்கமாகவே மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் நாத்தனார் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கிளம்பும்போது இயக்குநர் கேட்டார்: "விளக்கு?"

"திரும்பி வர்ற வண்டிக்குத் தலைமையகம் தனியா அனுமதி தரணும் சார். இன்னைக்கே எழுதிடறேன்."

என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். காரில் ஏறினார்.

நவம்பர் 11

பதில் வந்துவிட்டது. திருப்பி எடுத்துவரும் வண்டியிலும் புதுச் சின்னம் இருக்க வேண்டுமாம். வாழ்க தலைமையகம்!

நவம்பர் 20, வியாழன்

தலைமையகத்துத் தணிக்கையாளர் நேரே கிடங்குக்குள் நுழைந்தார். "பெட்டி காலியா இருக்கே, விளக்கு எங்க?" போச்சு, வேலையும் போச்சு, வீட்டுக்கடனை யார் கட்டுறது?

பின்னாலிருந்து இயக்குநர் குரல். "ஒத்திகையில இருக்கு."

"எத்தனை நாளைக்கு?"

"சரியா வர்ற வரைக்கும்."

தணிக்கையாளர் அவரையே பார்த்தார். பிறகு எதையோ எழுதிக்கொண்டு அடுத்த அலமாரிக்கு நகர்ந்தார்.

மாலையில் இயக்குநர் கூப்பிட்டார். வீட்டுக்கு அனுப்பப்போகிறார் என்று கைப்பையோடே போனேன். "மத்த நிலையங்கள்லயும் ஒத்திகை போட்டுடுங்கம்மா. நமக்கு இன்னும் பழக்கம் பத்தல." முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை. இந்த மனிதரைப் போய் இத்தனை வருடமாக விழாப் பைத்தியம் என்றே நினைத்திருந்தேன்.

டிசம்பர் 19

ஆண்டறிக்கை போய்விட்டது. ஒத்திகைகளுக்கு அதில் 'முதற்கட்ட ஒப்படைப்பு' என்று பெயர். நிதியில் யாரும் கைவைக்கவில்லை. ஸ்டிக்கர் குழு இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது.

டிசம்பர் 21, ஞாயிறு

நாத்தனார் வந்தாள். "வேலைய விடறேன்னியே?" என்று இவர் சீண்டினார். "நான் எப்போ சொன்னேன்?" என்று அண்ணனை முறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நிலையத்துல ஒரு பொண்ணு பொறந்திருக்கு அண்ணி. கரண்ட் போன நேரம். இத்தனை வருஷமா இருட்டுல பிள்ளைய கையால தடவித்தான் பார்ப்பேன். இந்தத் தடவை முகத்தையே பார்த்தேன். முழிச்சு முழிச்சுப் பார்க்குது, கழுதை!"

சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்த விளக்கு யார் குடுத்ததுன்னு பிள்ளையப் பெத்தவ கேட்டா. எங்க அண்ணின்னு சொல்லிட்டேன்."

விதிப்படி இது பெரிய குற்றம். அவள் தட்டில் இன்னொரு கரண்டி சாதம் வைத்தேன்.