சும்மா உட்காரப் போன வாரம்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை, வீடு முழுக்க ஈர வாடை. வாங்க வேண்டியது: தேங்காய், இவருக்கு பிளேடு. குடைக் கம்பி மாற்ற வேண்டும்.

மதியம் கட்கி. அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர் சாமுவேல் ஐயா வீடு, மூன்றாவது தடவை. எலும்பு வரை பரவிய புற்றுநோய். இனி ஆஸ்பத்திரி வேண்டாம் என்று வீட்டோடு வைத்துப் பார்க்கிறார்கள். மகன் மஸ்கட்டில். கூட இருப்பது மருமகள் சுப்ரியா, மராத்திப் பெண். நோய் முற்றியதிலிருந்து ஐயா இந்தி, மராத்தி எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தமிழிலேயே முனகுகிறார். அதனால்தான் நோயாளிகளுக்குத் துணையிருக்க ஆள் அனுப்பும் எங்கள் அமைப்பில், தமிழ் தெரிந்த ஆள் என்று என்னை அனுப்பினார்கள்.

பயிற்சியில் சொன்னது: போய்ச் சும்மா உட்காருங்கள், எதையும் சரிசெய்யக் கிளம்பாதீர்கள். என்னால் ஆகிற காரியமா? உட்கார்ந்தேன், எழுந்தேன், ஜன்னலைத் துடைத்தேன், மருந்து டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கினேன். சுப்ரியா பார்த்துச் சிரித்தாள். அடுக்கியதை அப்புறம் அவள் பழையபடி மாற்றி வைத்துக்கொண்டாள்.

ஐயா பாதி மயக்கத்தில். வாய் உலர்ந்து பேச்சு குழறுகிறது. "தூக்கம்மா… தூக்கம்மா" என்றார். உடனே சுப்ரியா, "பப்பாக்கு துக்குது" என்று வலி மருந்தை எடுத்து வந்துவிட்டாள். வலித்தால் இடையில் ஒரு வேளை கூடுதலாகக் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். தடுத்தேன். என் ஓட்டை இந்தியில் விளக்கினேன்: அவர் கேட்பது தூக்கம், நீந்த். மராத்தியில் துக் என்றால் வலி, அதனால் உன் காதில் அப்படி விழுகிறது. அவள் முகம் வெளுத்துவிட்டது. தூக்கம் வருகிறது என்றவருக்கா இத்தனை நாளும் மருந்து கொடுத்து மயக்கிப் போட்டேன் என்று கேட்டாள். எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டாள்.

"தூங்குங்க ஐயா" என்று நெற்றியைத் தடவிக் கொடுத்தேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

படித்த எம்.ஏ. தமிழ் இந்த ஊரில் இன்றுதான் ஒரு காரியத்துக்கு உதவியது.

ஜூலை 9, புதன்

மழை. கரண்ட் போவதும் வருவதுமாக. தேங்காய் மறந்தேன்.

இவர் வேலை முடிந்து சாகணிலிருந்து வந்து சேர ரொம்ப நேரமாயிற்று. டிராபிக் புராணம் முடிந்த பிறகு ஐயா கதையைச் சொன்னேன். பரவாயில்லையே, டாக்டருக்கே பாடம் எடுத்துவிட்டாயே என்றார். கிண்டல்தான். இருந்தாலும் உள்ளே குளிர்ந்தது.

அமைப்பு மேடத்துக்கு நீளமாக வாய்ஸ் மெசேஜ் போட்டேன். பதில் ஒரே வரி: மருந்து விஷயத்தில் நாம் தலையிடுவதில்லை, நர்ஸிடம் சொல்கிறேன். எரிச்சல். நல்லது செய்தாலும் ஒரு குறை.

என்னவோ நிலைகொள்ளவில்லை. மாவு அரைத்தேன். பீரோவைக் கலைத்து அடுக்கினேன். சுப்ரியாவுக்கு போன் போடலாமா என்று எடுத்தேன், வைத்தேன்.

ஜூலை 10, வியாழன்

மழை விட்டிருந்தது. கட்கி பஜார். சி. வெங்காயம் ½ கி., முருங்கை, தேங்காய் (ஒருவழியாக). எங்கள் வானவடிப் பக்கம் இந்த வெங்காயம் கண்ணிலேயே படாது.

திரும்பும் பஸ். பின் சீட்டில் இரண்டு தமிழ்ப் பெண்கள், கட்கியிலேயே பிறந்து வளர்ந்த பேச்சு. காந்தா (வெங்காயம்தான்) விலை, சர்ச் பிக்னிக், யாரோ ஒருத்தியின் மருமகன். பிறகு மூத்தவள் சொன்னாள்: "முட்டி துக்குதும்மா. ஜரா நகரு, கால நீட்டிக்கறேன்."

துக்குதும்மா.

திரும்பி, "துக்குதுன்னா என்னங்க?" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வலிக்குதுங்க. நீங்க தமிழ்தானே?"

சுப்ரியாவுக்கு போன். எடுக்கவில்லை. மறுபடியும். எடுக்கவில்லை. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, எதிர்ப் பக்கம் ஓடி, ஆட்டோ. டிரைவரிடம் காரணமே இல்லாமல் கத்தினேன். பாவம். அந்த மனுஷர் வலிக்குது வலிக்குது என்று கெஞ்சியிருக்கிறார், நான் தூங்கு தூங்கு என்று தட்டிக் கொடுத்திருக்கிறேன். பாவி நான்.

ஐயா வீட்டுக் கதவு சாத்தி மட்டும் இருந்தது. ஐயா தூக்கத்தில். கட்டில் காலில் சாய்ந்து சுப்ரியா தரையில். நேற்று ராத்திரி ஐயா தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாராம். பொறுக்க முடியாமல் இவளே டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டு, மருந்தை மறுபடி கொடுக்க ஆரம்பித்திருக்கிறாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், பஸ், முட்டி, என் மண்டைக்கனம். மன்னிப்புக் கேட்க இந்தி வரவில்லை. தமிழில் கேட்டேன்.

அவளும் தமிழிலேயே சொன்னாள், மாமனாரிடம் கற்ற தமிழ், அதுவரை என்னிடம் பேசக் கூசிய தமிழ். "எனக்குத் தெரிஞ்சுச்சு ஆன்ட்டி. பப்பா மூஞ்சி பாத்தா தெரியும். ஆனா நீங்க அசல் தமிழ். அதான் நான் என்னையே நம்பல."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். பஸ்ஸிலோ ஆட்டோவிலோ வெங்காயப் பை போய்விட்டது. போகட்டும்.

ஜூலை 11, வெள்ளி

பேருக்கு வெயில். ராத்திரி கண் மூடவில்லை.

மேடத்திடம் விடிந்ததும் சொல்லிவிட்டேன். கத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. என்னை இனி அங்கே அனுப்புவதா என்பதை சுப்ரியாதான் சொல்ல வேண்டும் என்றார். அவள் எதற்கு வேண்டும் என்பாள்? குக்கர் விசிலை எண்ண மறந்து பருப்பு அடிப்பிடித்தது. இவர் பிரெட் தின்றுவிட்டு ஷிஃப்டுக்குப் போனார்.

மதியம் சுப்ரியாவே மெசேஜ். வருகிறீர்களா, நான் தலைக்குக் குளிக்க வேண்டும்.

போனேன். துண்டை எடுத்துக்கொண்டு, ஐயாவையும் என்னையும் ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போனாள். நான் ஸ்டூலில். கை எதையாவது துடைக்கப் பரபரத்தது, மடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். ஐயா கண் திறந்தார். என்னைப் பார்த்து உதட்டை அசைத்தார். என்னவோ சொன்னார். மறுபடியும் அதையே சொன்னார். எனக்குப் புரிந்த மாதிரிதான் இருந்தது.

இருந்தாலும் எழுந்து போய், சுப்ரியாவையே கேட்கலாம் என்று பாத்ரூம் கதவைத் தட்டினேன்.