அம்மாவின் டிரங்கால்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் இங்கே சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நியூஸ் பார்க்கும்போது அப்பா டிவியோடு சண்டை போடுவது குறைந்ததா? கம்ப்யூட்டர் என் வேலையைப் பிடுங்கிவிடும் என்று அவர் புலம்ப வேண்டாம். அதற்குத் தமிழ்ப் பேச்சு சொல்லிக்கொடுப்பதுதானே என் வேலை!

நேற்று ஆபீசில் ஒரு சின்னத் தகராறு. பயப்படாதே, வேலை போகவில்லை. கம்ப்யூட்டருக்கான பட்டியலிலிருந்து இப்போது யாரும் பேசாத வார்த்தைகளை நீக்கிக்கொண்டிருந்தோம். அதில், வெளியூருக்குப் பேச ஆபரேட்டர் மூன்று நிமிடம் இணைத்துக்கொடுத்த காலத்து 'டிரங்கால்' வந்தது.

"அது செத்துப்போன வார்த்தைம்மா, தூக்கிடு" என்றார் மேனேஜர்.

எனக்குச் சுருக்கென்றது. "எங்கம்மா இன்னும் சொல்றாங்க சார். வீடியோல என் மூஞ்சி தெரிஞ்சாலும் அவங்களுக்கு அது டிரங்கால்தான்."

அவர் சிரித்துவிட்டார். "சரி, அவங்க குரல்ல கொண்டு வா. வச்சுக்கலாம்."

போனை முழுக்கத் தேடினேன். நீ அனுப்பியதெல்லாம் பூப்போட்ட குட் மார்னிங்தான். உன் குரல் ஒன்றுகூட இல்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமை நீயே கூப்பிடு, பதிவு செய்துகொள்கிறேன். முழங்காலுக்குத் தேய்க்கிற தைலத்தின் பெயரையும் சொல். இந்தக் குளிரில் எனக்கும் வேண்டியிருக்கிறது. என்ன சமைத்தாய், யார் வந்தார்கள், எல்லாம் சொல்.

இடைவேளை முடிந்துவிட்டது, முடிக்கிறேன். ஒன்று மட்டும். "சரி, வச்சிடறேன், ரொம்ப நேரமாச்சு" என்று எப்போதும்போலக் கத்திவிட்டு ஓடாதே. நடுவில் வந்து லைனை வெட்ட இப்போது எந்த ஆபரேட்டரும் இல்லையம்மா.

உன் மகள்