விஷயம் கடைசியில் இருக்கிறது

என் கண்ணான மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் மேலுக்கு ஒரு நோவும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன். இங்கே நான் இருக்கிறேன், சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, மற்றபடி சுகம். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவள், ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் மூட்டை மூட்டையாக வார்டு பேரைப் படித்துத்தான் எழுத்துக் கூட்டக் கற்றேன், அதனால் கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இதைப் பாதியில் மடித்து வைத்துவிடாதே கண்ணு, விஷயம் கடைசியில்தான் வரும், எனக்கு அப்படித்தான் சொல்ல வரும்.

நாலு மாதத்துக்கு முன்னால் நீ போனில் "அம்மா, இந்த வருஷம் நான் வரலம்மா" என்றாய். நான் சரிப்பா என்று வைத்துவிட்டேன். அதிலிருந்து நீ கூப்பிடுவது குறைந்துபோனது, கூப்பிட்டாலும் சாப்பிட்டியா, தூங்கினியா, அவ்வளவுதான். அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை. வரவில்லை என்று சொன்ன பிறகு கேட்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். அது தப்பு என்று போன வாரம்தான் தெரிந்தது, அதுவும் பஸ் நிறுத்தத்தில் வைத்து.

எங்கள் சலவைக்கூடத்துக்குப் புதிதாக ஒரு மேற்பார்வைக்காரம்மா வந்திருக்கிறாள். கஞ்சி போட்ட தலையணை உறை மாதிரி விறைப்பாக நடப்பாள், ஆனால் நல்ல மனுஷி. பேச்செல்லாம் இங்கிலீஷ். தேய்ப்பு மேஜையில் நிற்கிறவளுக்கு அது வரும், அவள்தான் எங்களுக்கு எடுத்துச் சொல்கிறவள். ஒருதரம் வாயைத் திறந்தால் மூடத் தெரியாததால் அவளுக்கு ரேடியோ என்று பேர். போன வாரம் அந்தம்மா என்னைப் பார்த்து ஏதோ சொல்ல, ரேடியோ அதை வந்த வரிசையிலேயே, "அக்கா, நாளைக்கு நீங்க வரவேண்டாமாம்" என்றாள். எனக்குக் காது அடைத்துவிட்டது. ஏற்கனவே கை சரியில்லாத பயம் வேறு, அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன். ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்தேன், சாப்பாட்டு டப்பாவை எடுத்தேன், பத்தொன்பது வருஷம் வேலை பார்த்த இடம், ஒருத்தரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். பஸ் நிறுத்தத்துக்கு ரேடியோ மூச்சிரைக்க ஓடி வருகிறாள். "ஏன்க்கா, மீதியக் கேக்க மாட்டீங்களா? பாய்லரக் கழுவுறாங்களாம், நாளைக்கு எல்லாருக்கும் லீவு" என்கிறாள். சிரிக்கத்தான் நினைத்தேன், அழுகை வந்துவிட்டது.

அவளும் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள், இங்கிலீஷ் பேசுகிறவர்கள் பேச்சு பெரும்பாலும் அப்படித்தானாம், என்ன ஆச்சு என்பதை முதலில் போட்டுவிடுவார்களாம், எதனால் என்பதைப் பின்னால் கொண்டுவந்து ஒட்டுவார்களாம். நம்மைப் போலக் காரணத்தை முன்னால் வைப்பதும் உண்டு, ஆனால் அவசரம் என்றால் முடிவுதான் முந்தும் என்றாள். சில பேர் "அதனால" என்று மட்டும் இழுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்களாம், மீதியைக் கேட்கிறவரே புரிந்துகொள்ள வேண்டுமாம். இது என்ன கூத்து என்று கேட்டேன்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் உன் ஞாபகம்தான். ஒன்பது வருஷமாக வெளிநாட்டில் அந்தப் பேச்சிலேயே வேலை செய்து, கடைக்குப் போய், பெண்டாட்டியோடு சண்டை போட்டு, உன் பேச்சும் அப்படித் திரும்பியிருக்கும் இல்லையா. வரலம்மா என்றது முன்பாதி. பின்பாதி உன் வாயில் இருக்கும்போதே நான் போனை வைத்திருக்கிறேன். என் பேச்சோ தலைகீழ். மூன்று தடவை உன்னிடம் ஒன்று சொல்ல ஆரம்பித்தேன். குழாய் ஒழுகியதில் தொடங்கி, பழுது பார்க்க வந்தவன் வேலையை விட்டுவிட்டுத் தன் மச்சானுக்குப் பெண் பார்த்த கதை வரைக்கும் வந்ததும், "சரிம்மா, இப்ப என்ன ஆச்சு, அதச் சொல்லு" என்பாய். அதற்குத்தானேப்பா வந்துகொண்டிருக்கிறேன். அதற்குள் உன்னை யாராவது கூப்பிட்டுவிடுவார்கள்.

இப்போது முழுதாகச் சொல்கிறேன். குழாய் ஒழுகி, தரை ஈரமாகி, அதில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்து, மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டுப்போய், ஒன்றரை மாதம் கட்டுப் போட்டிருந்தேன். பயப்படாதே, எலும்பு கூடிவிட்டது, பிடிமானம்தான் வரவில்லை. படுக்கை விரிப்பை மடிக்க எதிரும் புதிருமாக இரண்டு பேர் நிற்போம், ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து நடுவில் வந்து சேர்வோம். என் பக்கத்து மூலை நழுவிக்கொண்டே இருந்ததால், பாய்லர் லீவு முடிந்து போனதும் நானே அந்தம்மாவிடம் போனேன். விழுந்ததில் இருந்து எல்லாம் சொன்னேன். அத்தனையையும் ரேடியோ அந்தப் பாஷையில் ஒரே வரியில் முடித்துவிட்டாள், இந்த மாதத்தோடு நிற்கிறாளாம் என்று. அந்தம்மா போகாமல் அங்கேயே நின்றாள். மீதிக்காக நிற்கிறாள் என்று எனக்கே புரிந்து கையை நீட்டிக் காட்டினேன். பிடித்துப் பார்த்தாள், ரொம்ப நேரம் விடவில்லை.

அடுத்த மாதத்திலிருந்து வீட்டில்தான் இருப்பேன். உன் அப்பா போனதிலிருந்து வீட்டு விரிப்பை மடிக்க இரண்டு மூலையை அலமாரிக் கதவில் செருகிச் சாத்திவிட்டு மறுபக்கம் இழுத்துக்கொள்வேன். கதவு நன்றாகத்தான் பிடிக்கும், எதிரே நடந்துதான் வராது. பகலில் பேச்சுச் சத்தம் கேட்டதெல்லாம் அந்தச் சலவைக்கூடத்தில்தான், இனி அதுவும் இல்லை. அதனால என்று அவர்கள் மாதிரி நிறுத்திவிடலாமா என்று பார்த்தேன். நிறுத்தினால் நீ வேறு ஏதாவது புரிந்துகொள்வாய். சொல்லியே விடுகிறேன், ஒருதரம் வந்துவிட்டுப் போ. இந்த வருஷம் முடியாது என்றால் அடுத்த வருஷம். ஏன் முடியாது என்பதைப் போனில் சொல்லு, எவ்வளவு நேரமானாலும் நீ வைக்கும்வரை நான் வைக்க மாட்டேன்.

நீங்கள் இரண்டு பேரும் ஒருத்தர் கையை ஒருத்தர் விடாமல் நல்லபடியாக இருக்கவேண்டும். காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. மருமகளுக்கு இதைப் படித்துச் சொல்லும்போது கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பி, அவள் பாஷைக்கு அதுதான் வசதி.

போனுக்குப் பக்கத்திலேயே இருக்கும்,
உன் அம்மா